நுரைக்கு ஒரு காஸ்டிங் ஷீட்

மூடி கழலவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை 110 ரூபாய் கொடுத்து வாங்கிவந்த நுரை சோப்புப் பாட்டிலைச் சொல்கிறேன். பழைய பாட்டில் மூன்று வருடம் உழைத்துவிட்டு, அமுக்கினால் அமுங்கியபடியே கிடந்தது. ஸ்பிரிங் எழவில்லை. அதனால் புதுசு. உள்ளே இருக்கும் சோப்புக்காக நான் அதை வாங்கவில்லை என்பது உங்களுக்கே தெரியும். வீட்டுக்கு வந்ததும் நாம் எல்லோரும் செய்வதுபோல முதலில் மூடியைத் திருகிப் பார்த்தேன். சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. ஈரத்துணி சுற்றித் திருகினேன். வெந்நீரில் கழுத்துவரை முக்கித் திருகினேன். கட்டிங் பிளேயர் போட்டேன். கடைசியாக, ஐம்பத்தாறு வயதில் யாரும் செய்யக்கூடாத காரியம், பல்லை வைத்தேன். பிளாஸ்டிக் விளிம்பு பிசகி கட்டைவிரலைக் கிழித்ததுதான் மிச்சம். டிடி ஊசி, கட்டு, மாத்திரை: 340 ரூபாய். மூடி அப்படியே இருக்கிறது.

இது தற்செயலாக நடந்ததென்று நான் நம்பவில்லை. எங்கோ ஒரு கண்ணாடிக் கட்டடத்தில், ஏசி அறையில், என்னை வைத்து ஒரு மீட்டிங் போட்டிருக்கிறார்கள். "சார், திருப்பூர்ல ஒரு ஆள் இருக்கான். மூணு வருஷத்துல நம்மகிட்ட ஒரே ஒரு பாட்டில்தான் வாங்கியிருக்கான். ஆனா அவன் வீட்டுல எல்லாரும் கை கழுவறாங்க." பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லியிருப்பார்: பூட்டு. நான் இருப்பது அனுப்பர்பாளையத்தில். பித்தளை அண்டாவும் செம்பும் தட்டிய ஊர். இங்கே தட்டிய அண்டாவுக்கு மூன்று தலைமுறையாக அதே மூடி. எடுத்தால் வரும், வைத்தால் உட்காரும்.

நான் எழுத உட்கார்ந்ததே ஒரு நுட்பத்தைச் சொல்லத்தான். நிரப்பும்போது தண்ணீரை முதலில் ஊற்ற வேண்டுமா, சோப்பை முதலில் ஊற்ற வேண்டுமா? ஊரில் பாதிப் பேர் தப்பாகத்தான் செய்கிறார்கள். காரணத்தோடு சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்த மூடி விவகாரத்தை முடித்துவிடலாம். விரல் இன்னும் விண்விண்ணென்று தெறிக்கிறது.

சோப்பு வியாபாரத்தின் சூட்சுமம் மூடியில்தான் என்பதை 1980-லேயே ஒருவர் கண்டுகொண்டார். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்துக்காரர், ராபர்ட் டெய்லர். மின்னடோங்கா என்று ஒரு சின்னக் கம்பெனி வைத்திருந்தவர், அமுக்கினால் வழியும் திரவச் சோப்பை 'சாஃப்ட்சோப்' என்ற பெயரில் இறக்கினார். திரவச் சோப்பு அப்போதே நூறு வருடத்துக்கு மேல் பழைய சரக்கு. காப்புரிமை கேட்க வழியில்லை. பெரிய கம்பெனிகள் மறுவாரமே காப்பியடித்துவிடும். அவர் சோப்பை விட்டுவிட்டு பம்பைப் பிடித்தார். அந்த பிளாஸ்டிக் பம்பைச் செய்துகொண்டிருந்த கம்பெனிகள் அங்கே இரண்டே இரண்டு. இரண்டிடமும் சேர்த்து 10 கோடி பம்புக்கு ஆர்டர் கொடுத்தார். 1.2 கோடி டாலர். அவருடைய கம்பெனியை விற்றாலும் அவ்வளவு தேறாது என்பார்கள். பெரிய கம்பெனிகள் சோப்பைக் காய்ச்சி வைத்துக்கொண்டு பம்புக்கு வரிசையில் நின்றன. 1987-ல் கால்கேட்-பாமாலிவ் வந்து அந்தச் சோப்பு வியாபாரத்தையே விலைக்கு வாங்கிக்கொண்டது. திருப்பூரில் இந்தக் கதைக்கு யாரும் வாயைப் பிளக்க மாட்டார்கள். இரண்டு லட்சம் பீஸ் தைத்து, அயர்ன் போட்டு, மடித்து வைத்துவிட்டு, கழுத்தில் வைக்கும் லேபிள் வராமல் ஷிப்மெண்ட் தவறிய கதை இங்கே தெருவுக்கு ஒன்று இருக்கிறது.

நுரை பம்பு இதற்கு அண்ணன். பழைய பாட்டிலைத் தூக்கிப் போடுவதற்கு முன் அதன் பம்பை பிளேடு வைத்து அறுத்துப் பார்த்தேன். ஒரு அறை சோப்புத் தண்ணீரை இழுக்கிறது, இன்னொரு அறை காற்றை இழுக்கிறது. இரண்டும் ஒரு சந்தில் முட்டி மோதி, ஒரு வலை வழியாகப் பிதுங்கி வரும்போது அதற்கு நுரை என்று பெயர். அந்த வலையைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. வெறும் மெஷ் துணி. கால் அங்குல வட்டம். எங்கள் கம்பெனியில் கட்டிங் மேஜைக்கு அடியில் தினமும் கூட்டி வேஸ்ட் வியாபாரிக்குக் கிலோக் கணக்கில் எடை போடுகிறோமே, அதே சாதி.

சரி, தண்ணீருக்கு வருவோம்.

எங்கள் வீட்டில் மூன்று தண்ணீர். போரில் வருவது உப்புத்தண்ணி. கார்ப்பரேஷன் குழாயில் என்றைக்கு வரும் என்று ஜாதகம் பார்த்துப் பிடிப்பது நல்லதண்ணி. மூன்றாவது, 35 ரூபாய் கேன். கெட்டி ஹேண்ட்வாஷ் வாங்கி, ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து நிரப்பினால் போதும் என்று சொன்னவர்கள் யாரும் எந்தத் தண்ணீர் என்று சொல்லவில்லை. முதல் தடவை உப்புத்தண்ணியில் கலந்தேன். பாட்டிலுக்குள் திரிந்த பால்போல நூல் நூலாக ஓடியது. அமுக்கினால் நுரைக்குப் பதில் ஒரு பெருமூச்சு வந்தது. இரண்டாவது தடவை, குடத்தில் இருந்த நல்லதண்ணியில் ஒரு டம்ளர் எடுத்தேன். என் மனைவி அடுப்படியிலிருந்து பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க, குடிக்கற தண்ணியவா சோப்புக்கு ஊத்தறீங்க? எட்டு நாளைக்கு ஒருக்கா வருதுங்க அது."

அதிலிருந்து கேன் தண்ணீர். சிக்கனத்துக்காகக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிற நிலைக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தேன். இதை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

என் மச்சினன் வீரபாண்டிப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர். திரிந்த பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "மாமா, கெட்டி சோப்புன்னு வாங்கறீங்களே, அது சோப்பால கெட்டியா இருக்குதுன்னு நெனைச்சீங்களா? பாதி உப்புதான் மாமா கெட்டிப்படுத்தறது. அளவா உப்புப் போட்டா கஞ்சியாட்டம் ஆகும், எச்சாப் போச்சுன்னா மறுபடி தண்ணியாயிரும்." அதாவது சாயத்துக்கு உப்பு, போரில் உப்பு, சுத்திகரிப்பு நிலையத்தில் காய்ச்சி எடுப்பதும் உப்பு. இதிலிருந்தெல்லாம் தப்பித்துக் கை கழுவலாம் என்று 99 ரூபாய் கொடுத்து பாக்கெட் வாங்கினால் அதற்குள்ளும் உப்பு. இந்த ஊர்க்காரன் உப்பைத் தின்னாவிட்டாலும் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும் போலிருக்கிறது.

இனி காஸ்டிங். நான் முப்பது வருடமாக பனியன் கம்பெனியில் காஸ்டிங் போடுகிறவன். ஒரு டி-ஷர்ட்டை என் கையில் கொடுத்தால் நூல் என்ன விலை, நிட்டிங் கூலி என்ன, டையிங், காம்பேக்டிங், கட்டிங், தையல், செக்கிங், கைமடி, பாலிபேக், அட்டைப்பெட்டி என்று பிரித்துக் கடைசிப் பைசாவரை சொல்வேன். இந்த வித்தையை வீட்டில் யாரும் மதித்ததில்லை. சோப்பில் காட்டிவிடுவது என்று உட்கார்ந்தேன்.

750 மில்லி பாக்கெட் 99 ரூபாய். மில்லி 13.2 பைசா. இது நூல் விலை. 250 மில்லி பாட்டிலுக்கு 50 மில்லி சோப்பு, 6 ரூபாய் 60 பைசா. மீதி 200 மில்லி கேன் தண்ணீர், 35 பைசா. இது டையிங் சார்ஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக 6 ரூபாய் 95 பைசா. கலக்குகிற கூலி நான் போடவில்லை, வீட்டு ஆள். இனி ஒரு அமுக்குக்கு எவ்வளவு என்று தெரிய வேண்டும். இருமல் மருந்தோடு வரும் மில்லி மூடியில் பத்துத் தடவை அமுக்கி, நுரை அடங்கக் கால் மணி நேரம் காத்திருந்து அளந்தேன். 8 மில்லி. அப்படியென்றால் ஒரு அமுக்குக்கு 0.8. பாட்டிலுக்கு 312 அமுக்கு.

இங்கேதான் அனுபவம் இல்லாதவன் தவறுவான். பிராசஸ் லாஸ் கழிக்க வேண்டும். டியூப் அடிவரை எட்டாது. 8 மில்லி எப்போதும் பாட்டிலின் அடியில் தங்கும். அது 3.2 சதவீதம். துணி சாயத்துக்குப் போய் வந்தால் இதைவிட அதிகம் குறையும், அதனால் மன்னிக்கலாம். மிச்சம் 242 மில்லி, 302 அமுக்கு. ஒரு அமுக்கு 2.3 பைசா. கடையில் வாங்கிய நுரை பாட்டிலில் அதே அமுக்கு 35 பைசா. நாலு பேர் இருக்கும் வீட்டில், ஆளுக்கு ஆறு தடவை கை கழுவினால், வருடத்துக்கு 2,865 ரூபாய் மிச்சம். இந்தத் தொகையைக் காலண்டரில் மாரியம்மன் படத்துக்குக் கீழே சிவப்பு மையில் எழுதி வைத்தேன்.

பிறகு லேப் டிப். ஆறு பழைய பாட்டில்களில் ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு மூன்று என்று, ஏழை மட்டும் விட்டுவிட்டு, ஒன்றுக்கு எட்டு வரைக்கும் விகிதம் மாற்றிக் கலந்து, ஏ, பி, சி என்று ஸ்டிக்கர் ஒட்டி, பையரின் ஒப்புதலுக்கு வைத்தேன். பையர் என் மனைவி. கம்பெனியில் ஷேடு பார்க்க லைட் பாக்ஸ் உண்டு. பகல் வெளிச்சம், கடை வெளிச்சம் என்று விளக்கை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். இங்கே அடுப்படி டியூப்லைட். அவள் கமெண்ட்டுகளை நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். ஏ: பிசுபிசுப்பு. பி: வாசம் தூக்கல். சி: பரவாயில்லை. டி: தண்ணி. ஈ: இதுவும் தண்ணி. எஃப்: "இது எதுக்குங்க? கை நனைக்கறதுக்குக் குழா இருக்குதுல்ல?" சி அப்ரூவல் ஆயிற்று. ஒன்றுக்கு நாலு. மச்சினன் கேட்டுவிட்டுத் தலையாட்டினான். "எங்க சாஃப்ட் ஃப்ளோ மெஷின்லயே துணி ஒன்னுக்குத் தண்ணி ஆறு ஓட்டறோம் மாமா. உங்க பாட்டில் பரவால்லீங்க, தண்ணி செலவு கம்மி." இது பாராட்டா என்று இன்றுவரை தெரியவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இன்ஸ்பெக்ஷன் இல்லாமல் ஒரு லாட்டை அனுப்பிப் பழக்கமில்லை. ஏக்யூஎல், அதாவது ஏற்கத்தக்க தர வரம்பு, 2.5. லாட் 302 அமுக்கு. 281-லிருந்து 500 வரைக்கும் உள்ள லாட்டுக்கு, ஜெனரல் லெவல் இரண்டில், 50 சாம்பிள் எடுக்க வேண்டும். மூன்று குறை வரை பாஸ், நாலாவது வந்தால் ரிஜெக்ட். சிங்க் முன்னால் நின்று 50 அமுக்கு அமுக்கினேன். எதிரில் தட்டு. ஒவ்வொரு நுரையையும் பார்த்து மேஜர் குறை, மைனர் குறை என்று குறித்தேன். இரண்டு அமுக்கில் நுரை சளிபோல் வந்தது. ஒன்றில் காற்று மட்டும். மூன்று. பாஸ்! சந்தோஷத்தில் திரும்பிப் பார்த்தால் பாட்டிலில் 40 மில்லி குறைந்துவிட்டது. இன்ஸ்பெக்ஷனிலேயே ஆறில் ஒரு பங்கு காலி. மிச்சம் 252 அமுக்கு. அமுக்கு ஒன்றுக்கு 2.76 பைசா. காலண்டரில் எழுதியதைத் திருத்த வேண்டியிருந்தது. தட்டில் இருந்த நுரையை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது என் மனைவி வாசலில் வந்து நின்றாள்.

"ஆபீஸ் கிறுக்கை ஆபீஸ்லயே உட்டுட்டு வரோணுமுங்க" என்றாள்.

இன்னும் இருக்கிறது. ரிஜெக்ஷன் தனி. எஃப் பாட்டிலை வீணாக்க மனமில்லாமல் மாடிச் சிங்க்கில் வைத்தேன். இரண்டு வாரம் கழித்து, காய்கறிக் கழிவுத் தொட்டிபோல ஒரு வாடை. சோப்பில் கிருமி வளருமா என்று கேட்பீர்கள். கெட்டி சோப்பில் கெடாமல் இருக்க மருந்து போட்டிருக்கிறார்கள். அதை ஒன்றுக்கு எட்டு நீர்த்துப்போக வைத்தால் மருந்தும்தானே நீர்த்துப்போகும்? கழுவாமல் மேலே மேலே ஊற்றி நிரப்பினால் இன்னும் மோசம். கையைச் சுத்தம் செய்ய ஒரு அசுத்தத்தை நானே காய்ச்சியிருக்கிறேன். அந்த 28 மில்லி சோப்பு நஷ்டக் கணக்கில். என் மகனோ ஒரு அமுக்கு என்ற கணக்கையே ஏற்பதில்லை. ஏழு அமுக்குகிறான். உள்ளங்கையில் ஊட்டி மலைபோலக் குவித்து, அதை ரசித்துவிட்டு, தேய்க்காமல் குழாயில் காட்டி விடுகிறான். பீஸ் ரேட்டில் வேலை செய்திருந்தால் தெரியும்.

தண்ணீரை வீட்டிலேயே ஊற்றிக்கொள்ளுங்கள் என்று கம்பெனியே சொன்னதும் உண்டு. 2018-ல் கோத்ரெஜ் ஒரு பொடி பாக்கெட் விட்டது, 15 ரூபாய். பாட்டிலில் கொட்டி, குழாய்த் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால் ஹேண்ட்வாஷ். நல்ல யோசனை. லாரியில் தண்ணீர் சுமந்து வந்து நமக்கே விற்பானேன்? சின்ன பாக்கெட் என்ற யோசனையே நம் கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன் போட்ட பாதைதானே. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் சிக் ஷாம்புவை ஆரம்பித்து, காலி பாக்கெட் ஐந்து கொண்டுவந்தால் ஒன்று சும்மா என்று கொடுத்தார். காலிப் பாக்கெட்டையே காசாக்கினவர்கள் இருந்த தமிழ்நாட்டில்தான் என் காலிப் பாட்டிலுக்குப் பூட்டு.

நுரை பாட்டிலை நான் முதன்முதலில் பார்த்தது கம்பெனியில்தான். ஆடிட் நாள். வெளிநாட்டு பையருக்காக ஆடிட்டர் வருகிறார் என்றால் ஒரு வாரத்துக்கு முன்பே கழிவறைக்குக் கல்யாணக் களை வந்துவிடும். டிஷ்யூ, புது விளக்குமாறு, தீயணைப்பான் மேல் துடைத்த பளபளப்பு, ஒவ்வொரு குழாய்க்கும் பக்கத்தில் ஒரு நுரை பாட்டில். ஆடிட்டர் ஒரு தடவை அமுக்கிப் பார்ப்பார், நுரை வரும், டிக் போடுவார். அவர் கார் கேட்டைத் தாண்டியதும் பாட்டில்கள் ஸ்டோர் ரூமுக்குப் போகும். அடுத்த ஆடிட்டுக்கு அதே நுரை. 2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்ட சமயத்தில், செலவைக் குறைக்க ஆளுக்கு ஒரு யோசனை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். ஒருவர் ஃபேனை எழுதினார், ஒருவர் டீயை எழுதினார். நான் பெருமையாக என் ஒன்றுக்கு நாலை எழுதிக் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டார்கள். யாரோ அதை ஒன்றுக்குப் பத்தாக்கினார்கள். அடுத்த வாரம் ஓவர்லாக் லைனில் இருக்கும் அக்கா ஒருவர், மெஷின் எண்ணெய்க் கறையோடு இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினார். "சார், இந்த ரோசனை உங்களுதுங்களாமா? வெள்ளைத் துணியத் தொட்டா ரிஜெக்ட்டுங்கறாங்க. இதுல கழுவுனா எண்ணெய் போகுதுங்களா, நீங்களே கழுவிக் காட்டுங்க." நான் போன் வந்ததுபோல நடித்துவிட்டு நகர்ந்தேன். தைக்கிற கைக்குப் பத்துப் பைசா ஏற்றிக் கேட்டால் ஆறு மாதம் பேச்சுவார்த்தை நடக்கிற இடத்தில், சோப்பில் தண்ணீர் ஊற்ற ஒரே நாளில் ஒப்புதல் கிடைத்தது. அந்த யோசனைக்குக் கீழே என் கையெழுத்து இருக்கிறது.

தண்ணீர் முதலிலா சோப்பு முதலிலா என்பதை மறக்கவில்லை. வருகிறேன். நடுவில் இந்த ஆன்டிஃபோம் கதையைச் சொல்லாவிட்டால் மச்சினன் தப்பித்துவிடுவான்.

சாயம் ஏற்றிய துணியில் ஒட்டாமல் நிற்கிற சாயத்தை வெந்நீரில் அலசி எடுப்பதற்குப் பட்டறையில் சோப்பிங் என்று பெயர். அதற்கு ஒரு ஆயில் போடுவார்கள், கேன் கேனாக வரும். சோப்பிங் என்று பெயரிலேயே சோப்பு இருக்கிறதே, அதில் அரை லிட்டர் கொண்டுவா என்றேன். 13.2 பைசாவும் மிச்சமாகுமே என்ற கணக்கு. அவன் சிரித்தான். "அதுல நொரையே வராது மாமா. நொரை வந்தா எங்களுக்குச் சோலி கெட்டுப்போகும். பம்பு காத்தை இழுக்கும், துணி மெதக்கும், கயிறாட்டம் முறுக்கிக்கும், சாயம் திட்டுத்திட்டா ஏறும். நொரையைக் கொல்றதுக்கே தனியா மருந்து வாங்கறோம்." சொல்லிவிட்டு, நான் கேட்ட தொல்லை தாங்காமல் ஒரு பழைய தண்ணீர் பாட்டிலில் கொண்டுவந்தும் கொடுத்தான். அன்றைக்கு அவன் பையில் அதே மாதிரி இன்னொரு பாட்டில், கெமிக்கல் ரெப் கொடுத்த சாம்பிள். பால்போல வெள்ளையாக, பார்க்கவே வளமாக இருந்தது. நான் எதை எடுத்திருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

பத்து மில்லிதான் ஊற்றினேன். குலுக்கினேன். மோர்போலச் சலசலத்தது, ஒரு குமிழி இல்லை. அமுக்கினேன். பம்பு மூச்சுவிட்டது. சோப்பைக் கூட்டினேன், ஒன்றுக்கு மூன்று, ஒன்றுக்கு இரண்டு. ஒன்றுக்கு ஒன்றில்கூட அது கண் திறக்கவில்லை. அடுத்த பாட்டிலில் புதிதாகக் கலந்தேன், அதுவும் போச்சு. மூன்றாவதும் போச்சு. மூன்று பாட்டிலும் செத்த பிறகுதான் புரிந்தது, நான் ஊற்றிய புனல் ஒன்றேதான். சிலிகான் சரக்கு, ஒரு துளி ஒட்டியிருந்தால் போதும், பரம்பரையே அழியும். பட்டறைக்காரன் நுரையைக் கொல்லக் காசு கொடுக்கிறான், நான் நுரைக்குக் காசு கொடுக்கிறேன், இரண்டு பேரும் ஒரே குடும்பத்தில் பெண் எடுத்துப் பெண் கொடுத்து வாழ்கிறோம்.

யோசித்தால் நுரை என்பதே இந்த ஊரில் வெட்கப்பட வேண்டிய சங்கதி. மழை பெய்தால் நொய்யலில் நுரை பொங்கிப் போகிற படம் பத்திரிகையில் வரும். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் உடனே போன் பண்ணுவார்கள். 2011 ஜனவரி கடைசியில் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவில் சாயப்பட்டறைகள் அத்தனையும் மூடிக் கிடந்தபோது மச்சினன் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான். பிறகு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்று ஆகி, தண்ணீரை வடிகட்டித் திருப்பி, மிச்சத்தைக் கொதிக்கவைத்து உப்பைப் பிரித்தெடுத்து மறுபடி சாயத்துக்கே போடுகிறார்கள். ஒரு ஊரே உப்பைக் காய்ச்சி எடுத்து ரீஃபில் செய்கிறது. என்னிடம் மட்டும் பாட்டிலைத் திறக்காதே என்கிறார்கள்.

எங்கள் அம்மாவுக்கு எண்பத்தொன்று. சின்ன வயதில் அரப்புத் தூளில் தலை குளித்தவள். பார் சோப்பை நூல் போட்டு நாலாக அறுத்து, ஒரு துண்டு தீர்ந்தால்தான் அடுத்த துண்டு என்று எங்கள் அத்தனை பேரையும் வளர்த்தவள். நுரை பாட்டிலை அவள் தொட்டதில்லை. "நொரைங்கறது என்ன சாமி, காத்துத்தான? காத்துக்குமா காசு?" கட்டிச் சோப்பு தேய்ந்து சிம்பானதும் தூக்கிப் போட மாட்டாள். பனியன் வேஸ்ட்டில் ஒரு துண்டு கிழித்து, சிம்புகளை எல்லாம் அதில் போட்டு, முடிச்சுப் போட்டு, குழாயில் தொங்கவிட்டிருக்கிறாள். பல வருடமாகத் தொங்குகிறது, நான் கவனித்ததில்லை. விரலில் கட்டோடு புதுப் பாட்டிலைத் தொடப் பிடிக்காமல், நேற்று அதில் ஒரு கையை மட்டும் தேய்த்தேன். ஈரத்தில் இரண்டு கசக்கு. பிதுங்கி வந்தது பாருங்கள் நுரை, வெண்ணெய்போல. காற்று, சோப்பு, நடுவில் வலைத் துணி. பிளேடு வைத்து அறுத்துப் பார்த்த பம்பில் இருந்த அதே மூன்று சாமான். ஸ்பிரிங் இல்லை. மூடியும் இல்லை. காஸ்டிங் போடலாம் என்று நோட்டை எடுத்தேன். துணி வேஸ்ட், சோப்பு வேஸ்ட், கூலி அம்மா. எந்தக் கலத்திலும் எழுத ஒன்றுமில்லை. முப்பது வருட அனுபவத்தில் காலியான காஸ்டிங் ஷீட்டை அன்றுதான் பார்த்தேன். நல்ல எரிச்சல் வந்தது.

இதில் அரசாங்கமும் அம்மா பக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் கட்டிச் சோப்புக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5-க்கு இறங்கியது. ஷாம்பு 5, பற்பசை 5. கை கழுவும் திரவச் சோப்பு அதே 18-ல் நிற்கிறது. அன்று காலையில் பேப்பரை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, குழாயில் தொங்கும் முடிச்சை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

சரி, சொல்ல வந்தது: தண்ணீர் முதலிலா, சோப்பு முதலிலா. இதில் முதலில் கவனிக்க வேண்டியது பாட்டிலின் கழுத்து

ஒரு நிமிடம். மச்சினன் வந்து சாப்பிட்டு முடித்திருக்கிறான். இன்றைக்குப் பட்டறையில் ராயல் ப்ளூ ஓட்டியிருக்கிறார்கள், முழங்கைவரை நீலம். சிங்க்கில் நிற்பது திறக்க முடியாத அந்தப் புதுப் பாட்டில், முழு விலைச் சரக்கு, அமுக்கு ஒன்றுக்கு 35 பைசா. ஹாலில் உட்கார்ந்திருந்தாலும் எனக்குக் கேட்கிறது. சர்க். சர்க். சர்க். ஏழு. இரண்டு ரூபாய் 45 பைசா. என் மகன்கூட இத்தோடு நிறுத்துவான். எட்டு. ஒன்பது. அடுப்படியிலிருந்து என் மனைவி, "நல்லாப் போட்டுக் கழுவு தம்பி, நெறைய இருக்குது" என்கிறாள். பத்து. பதினொன்று.

"மாமா, இந்தப் பாட்டில்ல நொரை அருமையா வருதுங்க," என்று அங்கிருந்தே சத்தம் போடுகிறான். "இதுல ஒன்னுக்கு எத்தனை கலந்தீங்க?"

பன்னிரண்டு.